கிறிஸ்துதாஸ் பரிதாபப்பட்ட வழக்கு

வாழவந்தி ஊர்க்காரர் கிறிஸ்துதாஸ் தன்னுடைய ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் ஒருத்தரையும் மேலிருந்து கீழாகப் பார்த்ததில்லை, மிளகு பறிக்கிற இரண்டு மாதத்தைத் தவிர.

அந்த இரண்டு மாதமும் பார்க்காமல் தீராது. அவருக்கிருந்த முக்கால் ஏக்கரில் இருபத்திரண்டு சில்வர் ஓக் மரங்கள். ஒவ்வொன்றையும் அடியிலிருந்து உச்சிவரை மிளகுக்கொடி கட்டிப் பிடித்திருக்கும். கணுவுக்குக் கணு துளைபோட்டுக் குச்சி செருகிய ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, அடியை மனைவி ஞானசுந்தரி பிடித்துக்கொள்ள, நாற்பதடி ஏறினால்தான் வருஷத்து அரிசி வீட்டுக்கு வரும். மேலே போனதும் முதல் வேலை, ஏணியின் தலையைக் கயிற்றால் மரத்தோடு சேர்த்துக் கட்டுவது. இரண்டாவது வேலைதான் பறிப்பது.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. மரத்தில் ஏறியவர் யாராக இருந்தாலும் வெறும் பையோடு இறங்கக் கூடாது. போன வருஷம் முதற்பலனுக்கு ஜெபம் செய்ய வந்த போதகர் ஆசைப்பட்டு ஆறு படி ஏறிவிட்டார். கால் கிலோ பறித்துப் பையில் போட்ட பிறகுதான் இறங்க முடிந்தது. ஏறியவருக்குக் கூலி அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் என்பதும் வழக்கம். போதகருக்கு ஐந்து ரூபாய் கிடைத்தது. அவர் அதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை உழைப்பைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கம் செய்தார்.

இப்படி நிம்மதியாக இருந்த இடத்துக்குக் கிழக்குப் பக்கத்து எஸ்டேட்டை மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வாங்கினார். பன்னிரண்டடிக்கு மதில் எழும்பியது. உள்ளே நாற்பத்திரண்டு அறை, ஹெலிகாப்டர் இறங்க ஒரு மைதானம், நாய்க்குத் தனி மாடி. குடியிருந்தது ஒருவர், நாயைச் சேர்த்தால் இரண்டு பேர். ஊருக்கு வருகிற தார்ச்சாலை அவருடைய வாசலோடு நின்றுகொண்டது, அதற்கு மேலே போக அதற்கே கூச்சம் என்பதுபோல. மதில் கட்டிய இன்ஜினியருக்கு எல்லாம் தெரிந்திருந்தது; நாற்பதடி ஏணியைப் பற்றி மட்டும் தெரியவில்லை.

அந்த மனிதரின் பெயரைச் சொல்ல முடியாது. சொன்னால் வாரியத்திலிருந்து நோட்டீஸ் வரும். வாரியத்தின் கணக்குப்படி அவர் 'மாண்புமிகு உறுப்பினர் ஏழு'. ஊரில் 'ஏழாம் நம்பர்' என்பார்கள்.

வாரியம் என்றால் பெருஞ்செல்வர் நலவாரியம். அது ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில், ரஹமத்துல்லா பாயின் மிளகு, காபிக்கொட்டைக் கடைக்கு மேல்மாடியில் திறக்கப்பட்டது. திறப்பு விழாவில் வாரியத் தலைவர் பேசிய பேச்சைக் கடைத்தெருவே நின்று கேட்டது. நிற்காதவர்களைக் காவலர்கள் நிற்க வைத்தார்கள்.

"கட்டடத் தொழிலாளிக்கு நலவாரியம் இருக்கிறது. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இருக்கிறது. முடி திருத்துகிறவருக்கு இருக்கிறது. நான் கேட்கிறேன், ஆயிரம் கோடிக்கு மேல் வைத்திருப்பவருக்கு இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்?" தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "லட்சத்தில் ஒருவர்கூட இல்லை இவர்கள். இத்தனை சின்னஞ்சிறு சமூகத்தை இத்தனை கோடிப் பேர் சேர்ந்துகொண்டு முறைத்துப் பார்த்தால் இது என்ன ஜனநாயகம்? அவர்கள் சொத்தைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், நாய் இருக்கிறது. மனதைக் காப்பாற்ற? பேப்பரைத் திறந்தால் ஏற்றத்தாழ்வு, போனைத் திறந்தால் வசவு. உங்களை நான் குறை சொல்லவில்லை. உங்களிடம் இருப்பது மனக்கசப்பு ஒன்றுதான். அதையும் நாங்கள் எடுத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறோம்!"

பதினான்கு ஊழியர்களும் கை தட்டினார்கள். ஏற்காட்டில் வாரியத்துக்கு இருந்த உறுப்பினர் ஒருவர்தான். அவரும் வரவில்லை.

ஜனவரி மாதம் இரண்டாவது வாரம், கொத்துக்கு ஒரு மிளகு சிவந்து, பறிக்கலாம் என்று கொடியே சொன்ன அன்றைக்கு, கிறிஸ்துதாஸ் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. கூடவே இரண்டு பேர் வந்து ஏணிக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். கிறிஸ்துதாஸ் நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேராக ரஹமத்துல்லா பாயிடம் போனார். வருஷா வருஷம் அவருடைய மிளகை வாங்குகிறவர் பாய்தான்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"'தங்கள் ஏணியின் உச்சியானது மாண்புமிகு உறுப்பினர் ஏழு அவர்களின் காலை உணவு மேசையைவிட முப்பத்தோரடி உயரத்தில் இருப்பதாலும், சென்ற பருவத்தில் தாங்கள் பதினெட்டு முறை மேலிருந்து அவரை நோக்கியதாலும், அந்தப் பார்வையில் ஏதோ ஒன்று இருந்ததாக உறுப்பினர் உணர்ந்ததாலும்...' என்ன தாஸண்ணே, ஏதோ ஒண்ணு இருந்துச்சாமே? என்னத்த வெச்சீங்க?"

"என்னத்த பாய் வெக்கறது? கண்ணு இருந்துச்சு. வேற ஒண்ணுமில்லீங்க."

"அந்த 'ஏதோ ஒண்ணு' என்னன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் ஏணி ஏறக்கூடாதாம். மேல்மாடிக்குப் போயி மனக்கசப்பின்மைச் சான்றிதழ் வாங்கோணும். நொம்பச் சுலபம்னு போட்டிருக்கு. விண்ணப்பப் பாரம் பதினாறு பக்கந்தான்."

"பாய், மொளகு செவந்திருச்சு. பத்து நாள் உட்டா பாதி உதுந்துரும், மீதிய கொண்டக்குருவி தின்னுட்டுப் போயிரும்."

"அப்ப எழுதுவோம் வாங்க." பாய் பேனாவைத் திறந்தார். "மொதக் கேள்வி. தங்களிடம் உள்ள விமானங்களின் எண்ணிக்கை?"

மறுநாள் காலையில் கிறிஸ்துதாஸ் மாடியேறினார். உறுப்பினர்கள் வந்தால் உட்கார மெத்தை வைத்த சோபா ஆறு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. பொதுமக்களுக்குப் பால்வாடியில் போடுகிற குட்டி நாற்காலி. முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்தார். எதிரே மனக்கசப்பு மதிப்பீட்டாளர் புஷ்பலதா. சேலத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிற அம்மா. கையில் நாடிபார்க்கிற மாதிரி ஒரு கருவியைக் கட்டிவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது உறுப்பினரோட குளியலறைங்க. பாத்ததும் மனசுல என்ன தோணுது?"

"இத்தன பெருசா இருந்தா குளுருமேங்க."

"இது அவரோட கைக்கடிகாரம். நாலு கோடி ரூபா."

"மணி சரியாக் காட்டுமுங்களா?"

"காட்டும்."

"என்ற கடியாரமும் காட்டுதுங்க."

"இது அவர் பையன் கல்யாணம். ஒரு கப்பல் முழுக்கச் சாப்பாடு."

கிறிஸ்துதாஸ் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கப்பல்ல ஏறாத ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கு என்ன பண்ணுனாங்க?"

புஷ்பலதா எழுதவில்லை. கருவியின் முள் அசையவே இல்லை. புஷ்பலதா கடைசிக் கேள்விக்கு வந்தார். "சரிங்கய்யா. ஏணி மேல இருந்து உறுப்பினரைப் பாத்தீங்கல்ல? அப்ப என்ன நெனச்சீங்க? உள்ளதச் சொல்லுங்க."

கிறிஸ்துதாஸ் உள்ளதைச் சொன்னார். "பாவமுங்க."

புஷ்பலதாவின் பேனா நின்றது. "என்னங்க?"

"பாவம்னு நெனச்சேனுங்க. முப்பது பேரு ஒக்கார்ற மேசைல ஒத்தையா ஒக்காந்து, சாம்பக் கலர்ல எதையோ கரைச்சு வெச்சத கரண்டில எடுத்துத் தின்னாருங்க. சுத்தி நாலு பேரு நிக்கறாங்க, ஒருத்தரும் இன்னொரு தோசை வெக்கட்டுங்களான்னு கேக்கல. அப்புறம் எந்திரிச்சுப் போயி ஒரு மிசின்ல ஓடறாரு. ஓடறாரு, ஓடறாரு, அங்கயேதான் நிக்கறாரு. முன்னால டிவில காடு ஓடுதுங்க. நெசக் காடு பின்னால இருக்குது, திரும்பியே பாக்கல. அந்த ஊட்ல சந்தோசமா இருக்கறது நாய் ஒண்ணுதானுங்க."

புஷ்பலதா எழுந்து உள்ளே ஓடினார். உள்ளேயிருந்து இன்னொருவர் ஓடி வந்தார். தடித்த விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். பொறாமை, வகை அ. கசப்பு, வகை ஆ. கோபம், வகை இ. அதற்கெல்லாம் சில்லறை அபராதமும் ஒரு நாள் அறிவுரையும்தான். பரிதாபம் கடைசிப் பக்கத்தில், கட்டம் கட்டி, சிவப்பு எழுத்தில் இருந்தது.

வாரியத் தலைவரே தன் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். குட்டி நாற்காலிக்கு முன்னால் நின்று, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "பெரியவரே, நீங்கள் பொறாமைப்பட்டிருந்தால் நான் உங்கள் கையைக் குலுக்கியிருப்பேன். பொறாமை என்பது மரியாதையின் இன்னொரு வடிவம். யாருமே பொறாமைப்படாவிட்டால் நாற்பத்திரண்டு அறை எதற்கு? வெறும் கூரை! நாலு கோடிக் கடிகாரம் எதற்கு? வெறும் மணி! ஒருவர் ஒழுங்காகப் பொறாமைப்பட்டால் உறுப்பினரின் சொத்து மதிப்பே ஏறுகிறது. நீங்கள் பரிதாபப்பட்டு எவ்வளவு கோடியை அழித்திருக்கிறீர்கள் என்று தெரியுமா?"

"தெரியாமப் பண்ணிட்டேனுங்க."

"தெரியாமல்தான் எல்லாரும் செய்கிறார்கள். மூன்று நாள் பொறாமை வளர்ப்புப் பயிற்சி. தேறினால் சான்றிதழ். தேறாவிட்டால் அந்த இருபத்திரண்டு மரத்தையும் பத்தடிக்கு வெட்டிவிட உத்தரவு."

மரத்தை வெட்டுவது என்றதும் கிறிஸ்துதாஸ் குட்டி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்த மரங்களை நட்டது அவர். அப்போது அவற்றின் உயரம் அவருடைய முழங்கால் அளவு.

பயிற்சியில் அவர் காட்டிய அக்கறையைப் பார்த்துப் புஷ்பலதாவே கலங்கிப்போனார். முதல் நாள் அரண்மனையின் நாற்பத்திரண்டு அறைகளையும் சுற்றிக் காட்டினார்கள். ஒவ்வொரு அறை வாசலிலும் "இப்ப வருதுங்களா?" என்று கேட்பார், "இன்னும் வரலீங்க" என்பார் கிறிஸ்துதாஸ், மலம் இறங்காத நோயாளியைப்போல வெட்கப்பட்டுக்கொண்டு. பத்தொன்பதாவது அறையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். கருவியின் முள் துடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஏப்பம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஞானம், பொறாமப்படறது எப்படி புள்ள?"

ஞானசுந்தரி உலையிலிருந்து திரும்பினார். ஊரில் யாருக்கும் பதில் தெரியாத கேள்வியில்லையே இது. "ஏனுங்க, உங்க தம்பி பாக்கியநாதன் டிவிஎஸ் வண்டி வாங்குனப்ப ரெண்டு நாளு சோறு எறங்காமக் கெடந்தீங்களே?"

"ஆமா. அது..."

"அதேதானுங்க. அத நெனச்சுக்குங்க."

கிறிஸ்துதாஸின் முகம் தெளிந்தது. யாரும் ஆகாயத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவதில்லை; பக்கத்து வீட்டு ஓட்டைப் பார்த்துத்தான் படுகிறார்கள். இந்தச் சின்ன விஷயம் பதினாறு பக்கப் பாரத்தில் எங்கேயும் இல்லை.

மூன்றாம் நாள் தேர்வில் ஹெலிகாப்டரின் முன்னால் அவரை நிறுத்தினார்கள். கிறிஸ்துதாஸ் கண்ணைத் திறந்து ஹெலிகாப்டரைப் பார்த்தார். மனதுக்குள் தம்பியின் டிவிஎஸ்ஸைப் பார்த்தார். சிவப்புக் கலர். பின்னால் கேரியர். முதல் நாள் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்தி, 'ஏறு அண்ணா, ஒரு ரவுண்டு போலாம்' என்று அவன் சொன்ன அந்தக் குரல்! முள் விர்ரென்று ஏறி மேல்முனையில் முட்டிக்கொண்டு நின்றது. ஊழியர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தலைவர் சான்றிதழில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஒரே ஒரு சம்பிரதாயக் கேள்வி" என்றார் புஷ்பலதா. "இந்தப் பொறாமை யார் மேலன்னு சொல்லிருங்கய்யா."

பொய் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை எடுக்க முடியாது. "என்ற தம்பி பாக்கியநாதன் மேலங்க."

பேனா மூடப்பட்டது. விதி என்றால் விதிதானே. அன்று சாயங்காலமே பாக்கியநாதன் வீட்டுக்கு வாரியத்தின் ஜீப் போனது. இவ்வளவு தீவிரமான பொறாமைக்கு ஆளானவர் என்ற முறையில் அவரைத் தற்காலிக உறுப்பினர் எட்டு என்று பதிந்து, வண்டிக்கு ஒரு காவலரை நிறுத்தி, கிறிஸ்துதாஸ் அந்த வண்டியை நூறடிக்குள் பார்க்கக் கூடாது என்று உத்தரவு ஒட்டினார்கள். பாக்கியநாதன் அன்றிலிருந்து டீக்கடையில் தனியாகத்தான் உட்கார்ந்தார்.

இதற்குள் எட்டு நாள் போய்விட்டது. கொடிக்கு அடியில் மிளகு உதிர்ந்து சிவப்பாகக் கிடந்தது. கொண்டைக்குருவிகளுக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. ஞானசுந்தரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உதிர்ந்ததைப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே மதிலைப் பார்த்து, வகை அ, ஆ, இ மூன்றிலும் அடங்காத சில வார்த்தைகளைச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் காலையில் அவர்கள் வீட்டு வாசலில் ஒன்பது கார் வந்து நின்றது. மரங்களை வெட்டுமுன் விதிப்படி ஒரு உயர ஆய்வு செய்ய வேண்டுமாம். தலைவர், பதினான்கு ஊழியர், காவலர்கள், வேடிக்கை பார்க்க மிளகுச் சாக்கும் தராசுமாக ரஹமத்துல்லா பாய். நடுவில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு மாண்புமிகு உறுப்பினர் ஏழு அவர்களே.

அருகில் பார்த்தபோது அவர் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். கொஞ்சம் பசித்தவர்போல.

"இந்த ஏணியிலிருந்துதானா?" என்றார்.

"இதே ஏணிதான்" என்றார் தலைவர். "தங்கள் இல்லத்தைத் தாங்களே பார்த்திராத கோணத்தில் இந்த மனிதர் பதினெட்டு முறை பார்த்திருக்கிறார்."

அந்த வாக்கியத்தைத் தலைவர் சொல்லியிருக்கக் கூடாது. உறுப்பினரின் முகம் மாறியது. அவருக்குச் சொந்தமான ஒரு காட்சி, அதை அவர் பார்க்காமல் இன்னொருவன் பார்த்திருக்கிறான். "முத்திரையை உடையுங்கள். நான் ஏறுகிறேன்."

"சார், காவலர்களை ஏறச் சொல்லி, போட்டோ எடுத்து..."

"இந்த இடத்துக்கு நான் சும்மா வரவில்லை. அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவன்" என்றார் உறுப்பினர். அவருடைய அப்பா கொடுத்தது மூன்று மில்லும் ஒரு சர்க்கரை ஆலையும் மட்டும்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அரக்கு உடைந்தது. ஏணி சாய்க்கப்பட்டது. வழக்கம் வழக்கம்தான் என்று ஞானசுந்தரி உறுப்பினரின் இடுப்பில் ஒரு துணிப்பையைக் கட்டி, கயிற்றைக் கையில் கொடுத்து, ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார்.

"மேல போனதும் மொதல்ல தலையக் கட்டிருங்க சார்" என்றார் கிறிஸ்துதாஸ். "அதுக்கப்பறந்தான் அக்கட்ட இக்கட்ட பாக்கோணும்."

உறுப்பினர் தலையாட்டினார். ஆனால் வாழ்நாளில் அவர் எதையும் கட்டியதில்லை, ஷூ கயிற்றைக்கூட. முப்பதடி போனதும் அவர் செய்த முதல் வேலை, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பித் தன் வீட்டைப் பார்த்ததுதான். ஆவென்று வாய் பிளந்து, கையை நீட்டி எதையோ காட்ட முயன்றார். ஏணியின் தலை வழுக்கியது. அவர் மரத்தைக் கட்டிக்கொண்டார். ஏணி மெதுவாக, மரியாதையாக, தலைவரின் பக்கத்தில் வந்து விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வாரியத்தின் குறிப்பேட்டில் 'சிறு தாமதம்' என்று எழுதியிருக்கிறார்கள். சேலத்திலிருந்து தீயணைப்பு வண்டி இருபது வளைவும் ஏறி வர ஒன்றரை மணி நேரமாகும். காவலர்கள் ஏணியை எடுத்தார்கள். "நில்லுங்கள்!" என்றார் தலைவர். "விதி பதினொன்று. உறுப்பினருக்குச் சமமான உயரத்துக்குச் சான்றிதழ் இல்லாத யாரும் வரக் கூடாது. உங்களில் யாரிடம் சான்றிதழ் இருக்கிறது?"

யாரிடமும் இல்லை. அது வேண்டுமென்று விண்ணப்பித்தவரே உலகத்தில் ஒருவர்தான். எல்லாரும் கிறிஸ்துதாஸைப் பார்த்தார்கள்.

"இங்கேயே கொடுத்துவிடலாமே" என்றார் தலைவர்.

"சார், அவரோட மதிப்பீடு இன்னும் பரிதாபத்துலதான் இருக்குது" என்றார் புஷ்பலதா.

மேலேயிருந்து குரல் வந்தது. "பரிதாபமாக இருந்தாலும் பரவாயில்லை! ஏறச் சொல்லுங்கய்யா!"

ரஹமத்துல்லா பாய் சாக்கால் வாயைப் பொத்திக்கொண்டார். கார் பானெட்டின் மேல் வைத்துச் சான்றிதழில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தது. கிறிஸ்துதாஸ் அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தன் பையையும் கட்டிக்கொண்டு ஏறினார். ஏணியின் தலையை மரத்தோடு கட்டினார். உறுப்பினரின் காலை ஒவ்வொன்றாக எடுத்துப் படியில் வைத்தார்.

"எறங்கலாமுங்க சார்."

"ஏனுங்க, இருங்க இருங்க!" கீழேயிருந்து ஞானசுந்தரி. "அவரு பையி வெறுசா இருக்குதே?"

தலைவர் புரியாமல் பார்த்தார். "எந்தப் பை?"

"எங்க மரத்துல ஏறுனவங்க வெறும் பையோட எறங்கப்படாதுங்க. போதகர் ஐயாவே பறிச்சுட்டுத்தான் எறங்குனாரு."

"அம்மா, அவர் யாரென்று தெரியுமா?"

"ஏழாம் நம்பர்னு தெரியுமுங்க. பேரு சொல்லக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? ஏணியப் புடிச்சிருக்கறது நானு. கைய எடுத்தர்றேன், நீங்க புடிச்சுக்கறீங்களா சாமி?"

தலைவர் ஏணியைப் பார்த்தார். மேலே பார்த்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

உறுப்பினர் பறித்தார். முதலில் இலையைப் பறித்தார். பிறகு எட்டினதையெல்லாம் பறித்தார். "ஐயோ சார், பிஞ்ச உடுங்க" என்று கத்தினார் கிறிஸ்துதாஸ். "கொத்துல ஒண்ணு செவந்திருக்கோணும். பச்சையா இருக்கறது அடுத்த வாரத்து அரிசிங்க." பக்கத்துக் கிளையில் தன் பையையும் நிரப்பிக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். ஒரு மரம் முடிந்தது. ஏறினது ஏறியாயிற்று என்று கைக்கெட்டின தூரத்திலிருந்த அடுத்த மரத்துக்கும் ஏணியின் தலையை மாற்றிக் கட்டினார்கள். வெள்ளை ஷூ பழுப்பாயிற்று. முசுறு எறும்பு தன் கடமையைச் செய்தது. தீயணைப்பு வண்டி வந்து, நிலவரத்தைக் கேட்டு, டீ குடிக்கப் போய்விட்டது.

ஒரு தடவை உறுப்பினர் மூச்சு வாங்க நின்று தன் வீட்டைப் பார்த்தார். "அங்கே பார்த்து என்ன நினைத்தீர்கள்? நிஜமாகச் சொல்லுங்கள்."

"உங்களுக்கு யாரும் இன்னொரு தோசை வெக்கறதில்லையேன்னு."

"நான் தோசை சாப்பிடக் கூடாது" என்றார் உறுப்பினர். ஒரு கொத்தைப் பறித்துப் பையில் போட்டுவிட்டு, "எப்போதுமே" என்றார்.

மூன்று மணி நேரம் கழித்து அவர் கீழே இறங்கினார். பதினான்கு பேரும் சால்வையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டு ஞானசுந்தரி பையை வாங்கி, பாயின் தராசில் வைத்தார்.

"ரெண்டரை கிலோ. கிலோவுக்குப் பதினெட்டு. நாப்பத்தஞ்சு. பிஞ்சு பறிச்சதுக்கு நாலு ரூபா புடிச்சுக்கறேன். இந்தாங்க சாமி, நாப்பத்தொண்ணு." முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணி அவர் கையில் வைத்தார்.

உறுப்பினர் உள்ளங்கையைப் பார்த்தார். உலகத்தில் எத்தனையோ தொகைகளைப் பார்த்த கண் அது. இவ்வளவு கூர்ந்து எதையும் பார்த்திருக்காது.

"நாற்பத்தொன்றா? மூன்று மணி நேரத்துக்கா?"

"ஊர் ரேட்டுங்க."

"இதை நீங்கள் என்ன விலைக்கு விற்கிறீர்கள்?"

"காஞ்சது கிலோ அறுநூத்தம்பது போகுதுங்க" என்றார் பாய், கேட்காமலே.

உறுப்பினர் கணக்கில் புலி. உதடு அசைந்தது. "காய்ந்தால் மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் நான் பறித்தது மட்டும் ஐந்நூற்று நாற்பது ரூபாய். எனக்கு நாற்பத்தொன்று. உயிரைப் பணயம் வைத்து மேலே ஏறியது நான். எறும்பு கடித்தது என்னை! நீங்கள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு... இது அநியாயமில்லையா?"

"மரம் யாருதுங்க சாமி?" என்றார் ஞானசுந்தரி, பொறுமையாக. "ஏணி யாருது?"

உறுப்பினரின் கழுத்தில் நரம்பு புடைத்தது. காது சிவந்தது. பல்லைக் கடித்த சத்தம் பாய்க்குக் கேட்டது. யாரும் எதிர்பார்க்காத வேகத்தில், பதினோரு வருடம் பல வாரியங்களில் வேலை பார்த்த ஒரு ஊழியருக்கே உரிய அனிச்சையில், புஷ்பலதா அவர் மணிக்கட்டில் கருவியைக் கட்டிவிட்டார். முள் டிவிஎஸ்ஸையும் தாண்டிப் போய், கண்ணாடியில் மோதி வளைந்தது.

"வகை ஆவும் இயும் சேந்து வருது சார்" என்றார் தலைவரிடம். "இந்த ஆபீஸ் தொறந்து மொதத் தடவையா நெசமான மனக்கசப்பு." பதிவேட்டில் எண் போட்டு எழுதியும்விட்டார்.

"அழித்துவிடு!" என்றார் தலைவர்.

"எண் போட்டாச்சுங்களே."

எண் போட்டதை அழிக்க எந்த வாரியத்திலும் வழியில்லை. விதியை எழுதியவர்கள் கசப்புக் கொள்பவர் யார், கசப்புக்கு ஆளாகிறவர் யார் என்று எங்கேயும் பெயர் போட்டு எழுதவில்லை. அவசியமிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. 'மனக்கசப்புக் கொண்டவர் அதற்குக் காரணமானவரைப் பார்க்கக் கூடாது' என்றுதான் இருந்தது. மூன்று நாள் கூட்டம் போட்டு, வேறு வழியில்லாமல் உத்தரவு போட்டார்கள். அரண்மனையின் மேற்குப் பக்கத்து ஜன்னல்கள் பத்தொன்பதும் மிளகுப் பருவம் முடியும்வரை பலகை வைத்து அடைக்கப்பட்டன. சாப்பாட்டு மேசை கிழக்குப் பக்கம் போனது. மரம் வெட்டுகிற கோப்பு, காரணமானவரின் வாழ்வாதாரம் பாதுகாக்கப்பட வேண்டும் என்ற குறிப்போடு மூடப்பட்டது.

மீதி இருபது மரத்தையும் கிறிஸ்துதாஸ் ஆற அமரப் பறித்தார். பாதிதான் மிஞ்சியிருந்தது, ஆனாலும் அரிசி வரும்.

கடைசி மரத்தில் இருந்தபோது சேலத்து வக்கீல் ஒருவரிடமிருந்து எட்டுப் பக்க நோட்டீஸ் வந்தது. ரஹமத்துல்லா பாய் மரத்தடியிலேயே நின்று சத்தமாகப் படித்தார். தம் கட்சிக்காரருக்குச் சேர வேண்டிய கூலியில் பிஞ்சு என்ற பெயரில் பிடித்த நான்கு ரூபாயை உடனே திருப்பித் தராவிட்டால் உச்சநீதிமன்றம் வரை போகத் தயார் என்று எழுதியிருந்தது.

ஞானசுந்தரி ஏணியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா பாய், ஒரு மனுசன் கூலி கேக்கப் பழகறதுக்கு மூணு மணி நேரந்தான் ஆவுது."

"நாலு ரூபாதான புள்ள?" மேலேயிருந்து கிறிஸ்துதாஸ். "பாவம், குடுத்தர்லாம்."

"குடுக்கலாமுங்க, யாரு வேண்டாங்கறா? அடுத்த வருசம் தை மாசம் வந்து வாங்கிக்கச் சொல்லுங்க." ஞானசுந்தரி அடைத்த பலகைகளின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "வர்றப்ப பையி ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க!"